சாலட் டிரெஸ்ஸிங்: உப்பு முதலில், எண்ணெய் கடைசியில்

நான் முதன்முதலில் செய்த டிரெஸ்ஸிங்கில் அளவு எதுவும் தப்பவில்லை. எலுமிச்சைச் சாறு, எண்ணெய், உப்பு, மிளகுத்தூள் எல்லாமே ஸ்பூன் வைத்து அளந்ததுதான். கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, அதன்மேல் உப்பைத் தூவி, கடைசியாக எலுமிச்சையைப் பிழிந்து, நாலு சுற்று கலக்கி, கழுவிய ஈரம் காயாத இலைகள் மேல் கொட்டினேன். முதல் வாய் வெறும் எண்ணெய். அடுத்த வாயில் பல்லுக்கிடையில் நறநறவென்று உப்பு. கிண்ணத்தின் அடியில் புளிப்புத் தண்ணீர் குளம் கட்டி நின்றது.

சாமான் எல்லாம் சரி, சேர்த்த வரிசைதான் தப்பு. இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. செய்முறை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அளவைச் சொல்லிவிட்டு "நன்றாகக் கலக்கவும்" என்று முடித்துவிடுகிறார்கள். அளவு அவரவர் நாக்குக்குத் தகுந்தபடி மாறும். வரிசை மாறாது. அதனால் இங்கே வரிசையைத்தான் அதிகம் பேசப்போகிறேன்.

வரிசை ஏன் முக்கியம்

உப்பும் சர்க்கரையும் எண்ணெயில் கரையாது. தண்ணீர்ச் சத்து உள்ள எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோதான் கரையும். எண்ணெயில் முதலில் போட்டால் உப்புக்கல்லைச் சுற்றி எண்ணெய்ப் படலம் மூடிக்கொள்ளும். பிறகு எவ்வளவு புளிப்பை ஊற்றினாலும் அந்தக் கல் கரைய நேரம் பிடிக்கும். என் பல்லில் நறநறத்தது அதுதான். ஆகவே புளிப்பும் உப்பும் முதலில் சேர வேண்டும். எண்ணெய்க்குக் கடைசி இடம்.

அடுத்து, எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாத கதை. ஜாடியில் போட்டுக் குலுக்கினால் எண்ணெய் சின்னச் சின்னத் துளிகளாக உடைந்து புளிப்போடு கலந்தது போல இருக்கும். இரண்டு நிமிடம் சும்மா வைத்தால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, எண்ணெய் லேசு என்பதால் மேலே ஏறிவிடும். துளிகள் மறுபடி சேராமல் பிடித்துவைக்க நடுவில் ஓர் ஆள் வேண்டும். பாட்டிலில் வரும் மஸ்டர்ட், அதாவது கடுகு விழுது, அந்த வேலையைச் செய்யும். அரைத்த கடுகில் இருக்கும் வழவழப்பும் புரதமும் ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் போர்த்திவிடுகின்றன. முட்டை மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தினும் இதே வேலைக்காரன்தான், இன்னும் பலசாலி. தேன் இதைச் செய்யாது. ஆனால் கலவையைக் கெட்டியாக்கி, பிரிவதைத் தாமதப்படுத்தும்.

எந்த எண்ணெய், எந்தப் புளிப்பு

டிரெஸ்ஸிங்கில் எண்ணெய் சமைக்கப்படுவதில்லை. அதன் வாசனை அப்படியே நாக்குக்கு வரும். அதனால் பாட்டிலைத் திறந்ததும் முதல் வேலை முகர்ந்து பார்ப்பது. பழைய பெயிண்ட் டப்பா போல வாடை வந்தால் எண்ணெய் சிக்குப் பிடித்துவிட்டது. எந்த எலுமிச்சையும் அதைக் காப்பாற்றாது. வால்நட் எண்ணெய், ஆளிவிதை எண்ணெய் இரண்டும் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும் ரகம். திறந்த பிறகு ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும்.

எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய்க்குத் தனிச் சுவை உண்டு. லேசான கசப்பும் தொண்டையில் காரமும் இருந்தால் அது குறையல்ல, நல்ல எண்ணெயின் அடையாளம். அந்தச் சுவை பிடிக்காதவர்கள் சூரியகாந்தி போன்ற வாசனை இல்லாத எண்ணெயைப் பாதி கலந்துகொள்ளலாம். வறுத்த எள்ளில் எடுத்த அடர்நிற எண்ணெயை மொத்தமாக ஊற்றினால் வேறெதுவும் தெரியாது; வாசனைக்கு 1 டீஸ்பூன் போதும். தேங்காய் எண்ணெய் இந்த வேலைக்கு ஆகாது. சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறையத் தொடங்கும். குளிர்ந்த இலையில் பட்டதும் மெழுகுத் துணுக்குகளாகி வாயில் ஒட்டும்.

புளிப்பில் எலுமிச்சைதான் என் முதல் தேர்வு. அப்போதைக்கு அப்போது பிழிந்த சாறாக இருக்க வேண்டும். பிழிந்து அரை நாள் வைத்த சாற்றில் புளிப்பு இருக்கும், மணம் போயிருக்கும். எலுமிச்சையின் மணம் சாற்றை விடத் தோலில்தான் அதிகம். எனவே பிழிவதற்கு முன்பே மஞ்சள் தோலை மட்டும் லேசாகத் துருவிச் சேருங்கள். அதன் கீழே உள்ள வெள்ளைப் பகுதி கசக்கும். வினிகரில் பாட்டில் மேல் அச்சிட்டிருக்கும் அமிலச் சதவீதத்தைப் பாருங்கள். 4 சதவீதம் என்றால் மிருது, 6, 7 சதவீதம் என்றால் சுரீரென்று ஏறும். அரிசி வினிகர் பொதுவாக மிருதுவான பக்கம், வைன் வினிகர்கள் அதற்கு மேலே. ஊறுகாய்க்கும் பாத்திரம் கழுவவும் பயன்படுகிற சாதா வெள்ளை வினிகரை டிரெஸ்ஸிங்கில் நான் சேர்ப்பதில்லை. அதில் புளிப்பைத் தவிர வேறு குணமே இல்லை.

பாத்திரத்தைப் பற்றி ஒரு வரி: கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் எதுவானாலும் சரி, அலுமினியமும் செம்பும் வேண்டாம், புளிப்பு அவற்றைத் தின்னும்.

அடிப்படை வினிகிரெட், படிப்படியாக

'வினிகிரெட்' என்ற பெயர் வினிகரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல்லுக்குப் புளித்த வைன் என்று அர்த்தம். பழைய கணக்கு 3 பங்கு எண்ணெய்க்கு 1 பங்கு வினிகர். கீழே இருப்பது சுமார் 8 பேருக்குக் காணும். மூடி இறுக்கமான ஒரு கண்ணாடி ஜாடி எடுத்துக்கொள்ளுங்கள். கலவை ஜாடியில் பாதிக்கு மேல் வரக்கூடாது, குலுக்க இடம் வேண்டும்.

1. எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் 2 டேபிள்ஸ்பூன் (30 மி.லி.) ஊற்றி, அரை டீஸ்பூன் உப்பு போடுங்கள்.

2. ஒரு பல் பூண்டை நசுக்கி, அல்லது ஒரு சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி இதில் போட்டு 10 நிமிடம் விட்டுவிடுங்கள். இந்தப் படியைத் தாண்ட எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். தாண்டாதீர்கள். பச்சைப் பூண்டின் எரிச்சல் அதை நசுக்கிய பிறகுதான் உருவாகிறது. புளிப்பு அந்த வேலையை அடக்கிவிடும். வெங்காயத்தின் நெடியும் தணிந்து, ஓரம் லேசாகச் சிவந்து இனிக்கத் தொடங்கும். இன்னும் மிருதுவாக வேண்டுமென்றால் பூண்டைத் தனியாக நசுக்காமல் எலுமிச்சைச் சாற்றுக்குள்ளேயே வைத்து நசுக்குங்கள்.

3. ஜாடியைச் சுழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் உப்பு தெரியக்கூடாது. இப்போது 1 டீஸ்பூன் கடுகு விழுது, 1 டீஸ்பூன் தேன், கொஞ்சம் மிளகுத்தூள் சேர்த்து ஸ்பூனால் கட்டியில்லாமல் கலக்குங்கள்.

4. எண்ணெய் 6 டேபிள்ஸ்பூன் (90 மி.லி.) ஊற்றி, மூடியை இறுக்கி, 20 முதல் 30 நொடி பலமாகக் குலுக்குங்கள். கண்ணாடி வழியே தெரிந்த பளபளப்பு மறைந்து, வெளிர்மஞ்சளாகக் கலங்கி, ஜாடிச் சுவரில் பால் ஏடு போல வழிந்தால் சேர்ந்துவிட்டது. மஞ்சள் கோடுகளாகத் தெரிந்தால் இன்னும் 10 நொடி.

5. ஓர் இலையை முக்கி, உதறி, அந்த இலையைச் சாப்பிட்டுப் பாருங்கள்.

ஐந்தாவது படியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஸ்பூனில் எடுத்து நக்கிப் பார்த்தால் எந்த டிரெஸ்ஸிங்கும் புளிப்பாகவும் உப்பாகவும்தான் தெரியும். அது தனியாகச் சாப்பிடும் பொருள் அல்ல. தண்ணீர்ச் சத்து நிறைந்த, உப்பே இல்லாத இலைக்குத் துணை. ஸ்பூனில் சரியாக இருந்தது என்று நம்பி ஊற்றினால் சாலட் சப்பென்று இருக்கும். எந்தக் காயில் ஊற்றப்போகிறீர்களோ அந்தக் காயின் ஒரு துண்டிலேயே ருசி பாருங்கள்.

அப்படிப் பார்க்கும்போது 3-க்கு 1 என்ற கணக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பது தெரிந்துவிடும். எலுமிச்சை போட்டுச் செய்யும்போது நான் 2-க்கு 1 வரை இறங்கிவிடுவேன். வேகவைத்த பயறு, உருளைக்கிழங்கு போன்ற மாவுப் பொருள்கள் புளிப்பை உறிஞ்சிவிடும். அவற்றுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். கசப்பு இலைகளுக்கு எண்ணெயும் தேனும் கூட்ட வேண்டும். தக்காளியே புளிப்பு, அதற்குப் புளிப்பைக் குறைத்து உப்பைப் பாருங்கள்.

தயிர் டிரெஸ்ஸிங்

இங்கே ஒட்டவைக்கும் தொல்லை இல்லை. தயிருக்கே உடம்பு உண்டு. தொல்லை தண்ணீர்தான். முக்கால் கப் தயிரை மெல்லிய துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, கெட்டியானதும் எடுத்துக்கொள்ளுங்கள். 1 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றில் உப்பையும் நசுக்கிய பூண்டையும் ஊறவைத்து (வரிசை மறக்கவில்லைதானே?), அதைத் தயிரில் கலந்து, 1 டேபிள்ஸ்பூன் எண்ணெய், மிளகுத்தூள், பொடியாக நறுக்கிய புதினா அல்லது கொத்தமல்லி அல்லது டில் கீரை ஒரு கைப்பிடி சேருங்கள். எண்ணெய் எதற்கு என்று கேட்கலாம். அது இல்லாவிட்டால் தயிரின் புளிப்பு நாக்கில் வறட்டுத்தனமாக நிற்கும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் கீரை மணம் தயிரில் இறங்கும்.

வெள்ளரிக்காயில் இதை ஊற்றப்போகிறீர்கள் என்றால் நறுக்கிய துண்டுகளில் உப்புத் தூவி 15 நிமிடம் வைத்துப் பிழிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் கட்டித் தயிரெல்லாம் பத்து நிமிடத்தில் மோராகிவிடும்.

ராஞ்ச் டிரெஸ்ஸிங் இதற்கு நெருங்கிய உறவு. 1950களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 'ஹிடன் வேலி' என்ற பண்ணையை நடத்திய ஸ்டீவ் ஹென்சன் விருந்தாளிகளுக்குப் பரிமாறிப் பெயர் வாங்கிய கலவை அது. மோரும் மயோனைஸும் சம பங்கு, உலர்ந்த கீரை வகைகள், பூண்டு, வெங்காயத்தூள் போட்டால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

எள் விழுது முரண்டு பிடிக்கும்போது

தஹினி எனப்படும் எள் விழுதில் முதல் தடவை செய்கிறவர்கள் பயந்து கீழே கொட்டிவிடும் ஒரு கட்டம் உண்டு. 4 டேபிள்ஸ்பூன் எள் விழுதில் 2 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றை ஊற்றிக் கலக்கினால் அது இளகுவதற்குப் பதில் சிமென்ட் மாதிரி இறுகும். திரிந்துவிட்டது போலவும் தெரியும். கெட்டுப்போகவில்லை. எள் துகள்கள் கொஞ்சமாக வந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். குளிர்ந்த தண்ணீரை ஒவ்வொரு டேபிள்ஸ்பூனாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருங்கள். நாலாவது ஸ்பூனுக்கு மேல் திடீரென்று இளகி, நிறம் வெளுத்து, பட்டுப் போல ஓடும். உப்பும் பூண்டும் எலுமிச்சைச் சாற்றிலேயே முன்பு கலந்திருக்க வேண்டும். வேர்க்கடலை வெண்ணெயும் இதே குணம் காட்டும். அதற்கு வெந்நீரும் கொஞ்சம் சோயா சாஸும் ஊற்றினால் முட்டைக்கோஸுக்கு அருமையான ஜோடி.

மயோனைஸ்: பொறுமைக்குப் பரீட்சை

ஒரு மஞ்சள் கரு, 1 டீஸ்பூன் கடுகு விழுது, 1 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, கால் டீஸ்பூன் உப்பு. எல்லாம் அறை வெப்பத்தில் இருக்கட்டும். கிண்ணத்தின் கீழே ஈரத்துணியை மடித்து வையுங்கள். ஒரு கை எண்ணெய் ஊற்ற, ஒரு கை அடிக்க, கிண்ணத்தைப் பிடிக்க மூன்றாவது கை நமக்கு இல்லை. முட்டை அடிக்கும் கம்பியால் இவற்றைக் கலந்த பிறகு 180 மி.லி. வாசனை இல்லாத எண்ணெய் சேரப்போகிறது. முதல் 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய் சொட்டுச் சொட்டாகத்தான் விழ வேண்டும். ஒவ்வொரு சொட்டும் மறைந்த பிறகே அடுத்தது. கலவை வெளுத்துக் கெட்டியானதும் நூல் போல ஊற்றலாம். அவசரப்பட்டால் கண்ணெதிரே திரிந்து மஞ்சள் குழம்பாகும்.

திரிந்ததைக் கொட்டாதீர்கள். வேறு கிண்ணத்தில் புதிதாக ஒரு மஞ்சள் கரு, அல்லது 1 டீஸ்பூன் கடுகு விழுதும் 1 டீஸ்பூன் தண்ணீரும் எடுத்து, திரிந்த கலவையை எண்ணெய் என்று பாவித்துச் சொட்டுச் சொட்டாக அடித்துச் சேருங்கள். திரும்பி வந்துவிடும்.

கையில் பிடிக்கிற பிளெண்டர் இருந்தால் வேலை ஒரு நிமிடம்தான். குறுகிய உயரமான பாத்திரத்தில் முழு முட்டை, கடுகு, எலுமிச்சை, உப்பு, மேலே எண்ணெய் எல்லாம் போட்டு, பிளெண்டரை அடியில் அழுத்தி ஓட்டி, வெளுத்ததும் மெல்ல மேலே தூக்குங்கள். இதில் எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெயை மட்டும் முழுதாகப் பயன்படுத்தாதீர்கள். வேகமான பிளேடில் அடிபட்டால் அதிலுள்ள பாலிஃபீனால்கள் வெளிப்பட்டு மருந்துக் கசப்பு வந்துவிடும். விலை உயர்ந்த பாட்டில் ஒன்றில் கால்வாசியை இப்படி வீணாக்கிய பிறகுதான் எனக்கு இது புரிந்தது. ஆலிவ் மணம் வேண்டுமென்றால் கடைசியில் 1 டேபிள்ஸ்பூன் கையால் கலந்தால் போதும்.

பச்சை முட்டையில் சால்மனெல்லா கிருமி இருக்கலாம். பாஸ்ச்சரைஸ் செய்த முட்டை கிடைத்தால் அதையே வாங்குங்கள். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் பச்சை முட்டை மயோனைஸைத் தவிர்ப்பதே சரி. முட்டையே இல்லாமல் வேண்டும் என்றால் 80 மி.லி. குளிர்ந்த பாலில் முக்கால் டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு, பிளெண்டர் ஓடும்போதே 180 மி.லி. எண்ணெயை நூலாக ஊற்றுங்கள். பால் புரதம் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். ருசி மென்மையாக இருக்கும், பூண்டும் மிளகும் தாராளமாகப் போடலாம்.

மயோனைஸ் கைவந்துவிட்டால் சீசர் டிரெஸ்ஸிங் தூரமில்லை: நசுக்கிய பூண்டு, ஆன்ச்சோவி மீன் இரண்டு துண்டு, துருவிய பார்மசான் சீஸ், இன்னும் கொஞ்சம் எலுமிச்சை. ரோமாபுரி ஜூலியஸ் சீசருக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. மெக்சிகோவின் டிஹுவானா நகரில் உணவகம் நடத்திய சீசர் கார்டினி 1924-ல் உருவாக்கியது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு.

இலையில் கோட்டைவிடாதீர்கள்

டிரெஸ்ஸிங் எவ்வளவு கச்சிதமாக அமைந்தாலும் ஈரமான இலையில் ஒட்டாது. இலை மேல் இருக்கும் தண்ணீர்ப் படலம் எண்ணெயைத் தள்ளிவிடும். கழுவிய இலைகளைச் சுத்தமான துணியில் பரப்பி, சுருட்டி, மெதுவாக உதறி, கையால் தொட்டால் ஈரம் தெரியாத அளவுக்குக் காயவையுங்கள்.

லெட்டூஸ் போன்ற மெல்லிய இலை என்றால் சாப்பிட உட்காரும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். இலையை வாடவைப்பது வினிகர் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும் பங்கு எண்ணெய்க்குத்தான். இலையின் மேல் உள்ள மெழுகுப் பூச்சு தண்ணீரைத் தடுக்கும், எண்ணெயைத் தடுக்காது. நன்றாக ஒட்டிச் சேர்ந்த டிரெஸ்ஸிங்கில் இலை கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்கும். முட்டைக்கோஸ், கேரட் எல்லாம் நேர்மாறு. அரை மணி நேரம் முன்பே கலந்து வைத்தால்தான் ருசி இறங்கும். உருளைக்கிழங்கைச் சூடாக இருக்கும்போதே வினிகரில் புரட்ட வேண்டும். ஆறிய கிழங்கு எதையும் உள்ளே விடாது.

அளவு? ஒருவருக்கு 1 டேபிள்ஸ்பூனில் தொடங்குங்கள். பெரிய கிண்ணத்தின் ஓரச் சுவரில் டிரெஸ்ஸிங்கை ஊற்றி, கையால் அடியிலிருந்து மேலே புரட்டுங்கள். ஒவ்வொரு இலையும் மினுங்க வேண்டும், கிண்ணத்தின் அடியில் எதுவும் தேங்கக்கூடாது. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது என்பதால் கண்திட்டத்தை நம்பாமல் இருப்பதும் நல்லது. அதற்காக எண்ணெயே வேண்டாம் என்று போக வேண்டியதில்லை. கேரட்டின் பீட்டா கரோட்டினும் கீரையின் வைட்டமின் கே-யும் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும்.

தப்பினால் திருத்துவது

புளிப்பு தூக்கலாக இருந்தால் கை தானாகச் சர்க்கரைக்குப் போகும். முதலில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுப் பாருங்கள். பல நேரம் அதிலேயே புளிப்பு அடங்கிவிடும். அடங்காவிட்டால் எண்ணெய், பிறகு தேன். உப்பு கூடிவிட்டால் ஒரே வழி, உப்பில்லாமல் இன்னொரு பங்கு செய்து சேர்ப்பது. சப்பென்று இருந்தால் தொண்ணூறு சதவீதம் உப்புதான் குறை. கெட்டியாகிவிட்டால் எண்ணெயை அல்ல, தண்ணீரை 1 டீஸ்பூன் விடுங்கள்.

எத்தனை நாள் வைக்கலாம்

பூண்டோ பச்சைக் கீரையோ சேராத வினிகிரெட் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாராளமாக இருக்கும். பூண்டு, வெங்காயம், கீரை சேர்ந்ததும் தயிர் சேர்ந்ததும் 3, 4 நாள். பச்சை முட்டை மயோனைஸ் 2 நாளுக்குள் தீரட்டும். மேஜையில் 2 மணி நேரத்துக்கு மேல் கிடந்த தயிர், முட்டை வகைகளைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பச்சைப் பூண்டை வெறும் எண்ணெயில் போட்டு வெளியே வைக்கவே கூடாது. காற்றும் புளிப்பும் இல்லாத அந்த இடம் கிளாஸ்ட்ரிடியம் பாட்யூலினம் என்ற கிருமி நஞ்சு உண்டாக்க வசதியானது. வாடையோ நிறமோ மாறிக் காட்டிக் கொடுக்காது. தேன் சேர்த்த எதையும் ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கொடுக்கக்கூடாது என்பதற்கும் இதே கிருமிதான் காரணம்.

ஆலிவ் எண்ணெய் ஃபிரிட்ஜில் உறைந்து கட்டிகட்டியாகத் தெரிந்தால் கெட்டதாக அர்த்தமில்லை. அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைத்து மறுபடி குலுக்கினால் சரியாகிவிடும்.

கடுகு விழுது ஜாடி தீரும்போது கழுவிவிடாதீர்கள். சுவரில் ஒட்டியிருப்பதே சுமார் ஒரு டீஸ்பூன் தேறும். அதற்குள்ளேயே எலுமிச்சையைப் பிழிந்து, உப்பைப் போட்டு, பத்து நிமிடம் கழித்து எண்ணெயை ஊற்றிக் குலுக்குங்கள்.